வண்டிக்கு ஒரு சரித்திரம்

ஜனவரி 9

அன்புள்ள பாப்பாவுக்கு உன் தாய்மாமன் எழுதுவது.

இதெல்லாம் இப்படித்தான் நடக்கும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். உன் அப்பா கண்ணை மூடிய இரண்டாம் மாதம் கறுப்பு வண்டியைக் கேட்டு ஆள் வரும் என்றேன், வந்தாயிற்று. நீ வரமாட்டாய், கடிதம்தான் வரும் என்றேன், அதுவும் வந்தாயிற்று. "வண்டியை விற்றுவிடுங்கள் மாமா, எனக்கு அதைப் பார்க்க வேண்டாம்" என்று ஒரே வரியில் முடித்திருப்பாய் என்றேன், பிரித்துப் பார்த்தால் ஒரே வரி. பக்கத்து வீட்டுத் தையற்காரரைக் கேள், சாட்சி சொல்வார். ஏழாம் வகுப்போடு நிறுத்திக்கொண்டவன் என்று என்னை எல்லாரும் நினைக்கிறார்கள். எட்டாம் வகுப்பில் எனக்குச் சொல்லித்தர அவர்களிடம் எதுவும் இல்லை என்பதுதான் உண்மை.

போனில் பேசாதீர்கள், எழுதுங்கள் என்கிறாய். போனில் கதை விடுவேனாம், எழுதினால் கை வலித்துக் குறைத்துக்கொள்வேனாம். முப்பத்தொரு வருடம் பேருந்து ஓட்டிய கை பாப்பா இது. ஒரு கீறல் கிடையாது, ஒரு நாய்க்குட்டிகூட என் சக்கரத்தடியில் வந்ததில்லை. ஓய்வு கொடுத்த அன்று மேலதிகாரி மேடையில் அழுதுவிட்டார். சரி, கண் கலங்கினார்.

வாங்க வந்திருப்பவர் ஒரு பல் டாக்டர். இவரும் ஓய்வு பெற்றவர். வாழ்நாள் பூராவும் பல்லைப் பிடுங்கி அலுத்துப்போய் இப்போது பழைய வண்டிகளில் நட்டைப் பிடுங்குகிறார். வீட்டில் ஏற்கெனவே இரண்டைப் பிரித்துப் போட்டிருக்கிறாராம். நம் வண்டியின் போர்வையை நான் விலக்கிய விதத்தில் மனிதர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். என்ன இருந்தாலும் அறுபத்திரண்டாம் வருடத்து மாடல். உருண்டை விளக்கு, இரும்புப் பெட்டியை மூடுவது போலக் கதவுச் சத்தம். எஞ்சின் இன்னும் சிங்கம்தான். உன் அப்பா ஞாயிறு தவறாமல் கதவைத் திறந்து, நின்றபடியே கையை உள்ளே நீட்டி ஸ்டார்ட் செய்வார். கால் மணி நேரம் உறுமவிட்டு அணைப்பார். இந்த முப்பத்து மூன்று வருடத்தில் ஒரு நாளும் உள்ளே ஏறி உட்கார்ந்து நான் பார்க்கவில்லை.

ஒரே ஒரு இடக்கு. டாக்டருக்கு வண்டியோடு ஒரு தாளும் வேண்டுமாம். "நோயாளி வந்தா முதல்ல பழைய கதையைத்தான் கேப்போம். எப்ப விழுந்தீங்க, எது உடைஞ்சுது, யாரு கட்டினாங்க. அது தெரியாம வாயில கை வைக்க மாட்டேன். வண்டியும் அப்படித்தான்" என்கிறார். வண்டியின் சரித்திரத்தை எழுதி, வாரிசு கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். வாரிசு நீதான். எழுதுவதை நான் பார்த்துக்கொள்கிறேன். சரித்திரம் எழுத என்னை விட்டால் ஆள் ஏது.

அந்த விபத்தையும் எழுதித்தான் ஆக வேண்டும். உனக்குத் தெரிந்ததுதான். விளக்கே போடாத ஒரு லாரி, யானைக் கூட்டம் மாதிரி எதிரே வந்தது. ஓட்டிக்கொண்டிருந்த உன் அப்பா ஸ்டியரிங்கை ஒடித்தார், வண்டி மரத்தில் போய் நின்றது, அக்கா போய்விட்டாள். பின்சீட்டிலிருந்து "அத்தான், மெதுவா" என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். அதையும் முன்கூட்டிச் சொன்னவன் நான்தான். சொல்லி என்ன பயன்.

கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடு. கொட்டகை காலியானால் எனக்கும் நிம்மதி.

உன் மாமன்


ஜனவரி 20

அன்புள்ள மாமாவுக்கு,

கடிதம் கிடைத்தது. கை வலிக்கவில்லை என்று தெரிகிறது.

மூன்று விஷயங்கள் சொல்லிவிடுகிறேன். வண்டியை இருக்கிற நிலையில் விற்க வேண்டும், பழுது பார்க்க வேண்டாம். பழுது இருப்பதை மறைக்கவும் வேண்டாம். நான் ஆய்வகத்தில் அடுத்தவர் இரத்தத்தைப் பார்த்து எழுதிக் கொடுக்கிறவள். பார்த்ததை மட்டும்தான் எழுத முடியும், அதன் கீழேதான் கையெழுத்துப் போட முடியும். வண்டிக்கும் அப்படியே. என்னென்ன கெட்டிருக்கிறது என்று ஒன்று விடாமல் எழுதி அனுப்புங்கள்.

மூன்றாவது, அப்பாவைப் பற்றி எனக்கு எழுதாதீர்கள். ஞாயிறு தவறாமல் என்ன செய்தார் என்பதெல்லாம் எனக்கு எதற்கு. அவருக்கு அதில் உட்காரப் பயமாக இருந்திருக்கும், இருக்க வேண்டியதுதான். எனக்கு எட்டு வயது, அன்றைக்கு என்னைத் தையற்காரர் வீட்டில் விட்டுவிட்டுப் போனீர்கள். இருட்டுவதற்குள் வந்துவிடுவேன் என்றாள் அம்மா. அதற்குப் பிறகு அந்த வீட்டில் பதினோரு வருடம் ஒரு வார்த்தை விளக்கம் இல்லை, ஒரு மன்னிப்பு இல்லை. பத்தொன்பது வயதில் முகத்துக்கு நேரே குற்றம் சாட்டிவிட்டு நான் வீட்டை விட்டுக் கிளம்பியபோதும் "சரிம்மா" என்றுதான் சொன்னார். அவர் இறந்ததற்கு நான் ஏன் வரவில்லை என்று ஊரே கேட்டிருக்கும். நீங்கள் மட்டும் கேட்கவில்லை. அதற்கு நன்றி.

அம்மாவைப் பற்றிப் பேச எனக்கு இந்த உலகத்தில் மிச்சம் இருப்பது நீங்கள் ஒருவர்தான். அதனால்தான் இந்த வேலையை உங்களிடம் கொடுத்தேன். சீக்கிரம் முடித்துவிடுங்கள்.

உங்கள் அக்கா மகள்


பிப்ரவரி 2

அன்புள்ள பாப்பாவுக்கு,

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் செய்யலாம் என்றால் பத்துப் பொய் சொல்லி ஒரு வண்டியை விற்கக் கூடாதா? ஆனால் நீ சொல்லிவிட்டாய், நான் அரிச்சந்திரனாகிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை டாக்டர் கருவிகளோடு வந்தார். கருவி என்றால் என்ன தெரியுமா, துணி சுற்றிய ஒரு காந்தமும், பல் பார்க்கிற அந்தக் குட்டிக் கண்ணாடியும். காந்தத்தை வண்டி மேல் தடவிக்கொண்டே வந்தார். பின்கதவில் ஒட்டியது, கூரையில் ஒட்டியது. முன்பக்கம், அக்கா உட்கார்ந்திருந்த பக்கத்துச் சக்கரத்துக்கு மேலே வைத்தார், கீழே விழுந்துவிட்டது.

"இங்க தகரமே இல்லீங்களே. எல்லாம் பட்டி பூசி நிரப்பினது" என்றார்.

"பட்டின்னா சாதாரணப் பட்டியா சார், அந்தக் காலத்துப் பட்டி. இரும்பு தோத்துப்போகும்" என்றேன்.

"தோத்துப்போன இரும்பைத்தான் தேடிக்கிட்டு இருக்கேன்."

எனக்குச் சமமாகப் பேசுகிற ஆளை நான் பார்த்ததே இல்லை, பாப்பா. கோட்டைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு அறுபத்தைந்து வயதில் வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டார். கண்ணாடியை அங்கே இங்கே நீட்டி "ம்", "ஆகா", "இது போயாச்சு" என்று அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். பழக்க தோஷத்தில் ஒரு தடவை "வாயை நல்லாத் திறங்க" என்றுகூடச் சொன்னார். நான் திறந்தேன். நம்பினால் நம்பு.

நீ கேட்ட பட்டியல் இதோ. முன்பக்கத்து மட்கார்டு முழுக்கப் பட்டி. அடித்தகரம் இரண்டு இடத்தில் துரு தின்று கை போகிற ஓட்டை. பிரேக் பிடிக்காது, ரப்பர் எல்லாம் கல்லாகிவிட்டது. நான்கு டயரும் நின்று நின்று அடிப்பக்கம் தட்டை. ஹாரன் அடிக்காது. ஒரு விளக்கு எரியும், அதுவும் மனசு வைத்தால்.

ஓட்டுகிறவர் இருக்கை மட்டும் முன்னாலேயே மாட்டிக்கொண்டிருக்கிறது, பின்னால் தள்ள முடியாது. அதை டாக்டர் பெரிய குறையாகச் சொன்னார். நெட்டையான மனுஷன், ஏறிப் பார்த்தார், முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்து உள்ளேயே போகவில்லை. "என்ன சார் இது குறை, தள்ளுங்க" என்று நான் ஏறி உட்கார்ந்தேன் பார், அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி. கால் மூன்று மிதியிலும் தானாகப் போய் நின்றது. "உங்க உயரத்துக்குத்தான் செஞ்சிருக்காங்க போலிருக்கு" என்றார். குள்ளன் என்பதை இவ்வளவு மரியாதையாக என்னிடம் யாரும் சொன்னதில்லை.

சரித்திரத் தாளையும் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். வாங்கிய வருடம், விபத்து நடந்த தேதி, ஓட்டியவர் உரிமையாளர், பட்டி வைத்த கடை, அதன் பிறகு ஓடவில்லை. லாரிக்கு இரண்டு வரி கொடுத்திருக்கிறேன். கீழே புள்ளி வைத்த இடத்தில் கையெழுத்து.

உன் மாமன்


பிப்ரவரி 14

அன்புள்ள மாமாவுக்கு,

பட்டியலுக்கு நன்றி. எழுதியதில் ஒன்று புரியவில்லை.

அப்பா நெட்டை. சமையலறை வாசலில் குனியாமல் வந்ததே கிடையாது, நிலைக்கட்டையில் அவர் நெற்றி பட்டுப் பட்டு ஒரு இடம் மெழுகு பூசினது போல இருக்கும். அவர் கட்டிலுக்குக் கால்மாட்டில் ஒரு முக்காலி போட்டிருப்போம்.

டாக்டருக்கு முழங்கால் இடித்தது என்றால் அப்பாவுக்கும் இடித்திருக்கும். அந்த இருக்கை எப்போது மாட்டிக்கொண்டது? விபத்துக்குப் பிறகு என்றால் யார் அதை முன்னால் தள்ளியது, எதற்கு? வண்டி ஓடவே இல்லை என்று நீங்கள்தான் எழுதியிருக்கிறீர்கள்.

சரித்திரத் தாளில் இதற்கு ஒரு வரி வேண்டும். தெரிந்ததும் எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

உங்கள் அக்கா மகள்


பிப்ரவரி 25

பாப்பாவுக்கு,

ஒரு இருக்கைக்கு இவ்வளவு விசாரணையா? நீ ஆய்வகத்தில் இருக்க வேண்டியவள் இல்லை, நீதிமன்றத்தில் இருக்க வேண்டியவள்.

விபத்துக்குப் பிறகு பட்டி வைத்தானே ஒரு மெக்கானிக், அவன் என்னைவிடக் குள்ளன். சொன்னால் நம்பமாட்டாய், இரண்டு செங்கல் போட்டு ஏறித்தான் கூரைக்கு வர்ணம் அடிப்பான். வண்டியைக் கொட்டகையில் கொண்டுவந்து விட அவன்தான் ஓட்டினான். தன் வசதிக்கு இருக்கையை முன்னால் இழுத்தான், அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டான். பிறகு இருக்கை நகர்கிற தண்டவாளத்தில் எலி கூடு கட்டியது, துரு ஏறியது, மாட்டிக்கொண்டது. எலி விஷயத்தை நான் அப்போதே எச்சரித்தேன்.

இதற்கெல்லாம் தாளில் வரி வேண்டாம். டாக்டர் வேறொரு வண்டியும் பார்த்து வைத்திருக்கிறார். கைநழுவினால் காய்லாங்கடைதான். கையெழுத்தை அனுப்பு.

மாமன்


மார்ச் 10

மாமாவுக்கு,

டாக்டரின் எண்ணைத் தேடிப் பிடித்துப் பேசினேன். நல்ல மனிதர். வண்டிக்கு அடியில் தான் எடுத்த படங்களை அனுப்பினார்.

இருக்கை துருவால் மாட்டிக்கொள்ளவில்லை. "துரு இல்லம்மா. தண்டவாளத்துல வரிசையா பல்லு இருக்கும், அதுல முன்பக்கத்து முதல் பல்லுல இருக்கையோட கொக்கி நிக்குது. அங்க நிக்கும்போதே தரை மடங்கியிருக்கு. தரையோட சேர்ந்து தண்டவாளமும் அதே மடிப்புல மடங்கியிருக்கு. கொக்கி நசுங்கி உள்ளே சிக்கிக்கிச்சு" என்றார். மரத்தில் மோதிய அந்த நொடியில்தான் அது நடந்திருக்க முடியும், அதற்கு முன்னாலும் முடியாது, பின்னாலும் முடியாது என்றார். அந்த இருக்கையில் அன்று யார் இருந்தார் என்று அவர் கேட்கவில்லை. படத்தை மட்டும் அனுப்பினார்.

எலி என்று எழுதினீர்கள்.

நான் கேட்கிறேன் மாமா. அன்றைக்கு வண்டியை ஓட்டியது யார்?

நீங்கள் எழுதுகிற வரை கையெழுத்து இல்லை. வண்டி போனாலும் பரவாயில்லை.


ஏப்ரல் 6

பாப்பாவுக்கு,

நான்கு வாரம் ஆகிவிட்டது. ஐந்து தடவை எழுதிக் கிழித்தேன். அந்த ஐந்திலும் லாரி வந்துவிட்டது. எழுத உட்கார்ந்தால் தானாக வந்து நிற்கிறது. லாரி கிடையாது. அந்தச் சாலையில் அந்த நேரம் எதுவுமே கிடையாது.

நான்தான் ஓட்டினேன்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. எந்த வேலையிலும் ஆறு மாதம் தாங்கியதில்லை. பேருந்து ஓட்டுகிற வேலைக்கு மனு போட்டிருந்தேன், அதற்கு முன்னால் உரிமம் வாங்க வேண்டும். திங்கட்கிழமை தேர்வு. அன்று சனிக்கிழமை. அக்காவும் அத்தானும் வாடகைக்கு வேறு வீடு பார்த்துவிட்டுத் திரும்பினார்கள், நானும் கூடப் போயிருந்தேன். பாதி வழியில் அத்தான் வண்டியை நிறுத்தி, "நாளை கழிச்சு டெஸ்ட்டு, கொஞ்சம் ஓட்டிப் பழகு" என்று இறங்கிச் சாவியைக் கொடுத்தார். அக்காவுக்குப் பின்சீட்டில் உட்கார்ந்தால் குமட்டும், அதனால் அவள் முன்னாலேயே இருந்தாள். அத்தான் காலை மடக்கிக்கொண்டு பின்னால் உட்கார்ந்தார். நான் இருக்கையை முன்னால் இழுத்துக்கொண்டேன்.

எனக்கு நன்றாகத்தான் ஓட்ட வந்தது. வந்ததால்தான் வாயைத் திறந்தேன். அந்த வாடகை வீட்டின் சொந்தக்காரர் எப்படிப் பேசினார் என்று அவரைப் போலவே பேசிக் காட்டினேன். அக்கா சிரித்தாள். "ரோட்டைப் பாருடா" என்று சொல்லிக்கொண்டே சிரித்தாள். அத்தான் சத்தம் போட்டுச் சிரிக்கிறவர் இல்லை. அவரும் சிரிக்கிறாரா என்று திரும்பிப் பார்த்தேன்.

அவ்வளவுதான். வேறு எதுவும் நடக்கவில்லை. திரும்பிப் பார்த்தேன்.

ஆட்கள் ஓடி வருவதற்கு முன்னால் அத்தான் என்னைத் தூக்கிப் பின்சீட்டுப் பக்கம் உட்கார வைத்தார். அவர் நெற்றியிலிருந்து இரத்தம் வழிந்துகொண்டிருந்தது. அக்காவைப் பார்த்துவிட்டுத்தான் என்னிடம் வந்தார். "நீ ஓட்டலை. நான்தான் ஓட்டினேன். வாயைத் திறக்காதே" என்றார். உரிமம் இல்லாதவனிடம் சாவியைக் கொடுத்தது நான்தானே என்று பிறகு சொன்னார். அவர் உரிமத்தை வாங்கிக்கொண்டார்கள். நில அளவை வேலைக்கு, கருவியை நிறுத்துகிற முக்காலியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு மூன்று வருடம் போனார், உனக்கு ஞாபகம் இருக்கும். அடுத்த வருடம் எனக்கு வேலை கிடைத்தது. முப்பத்தொரு வருடம் கீறல் இல்லாமல் ஓட்டினேன் என்று எல்லாரிடமும் சொல்வேனே, அது உண்மைதான் பாப்பா. திரும்பிப் பார்த்ததே இல்லை. பின்னால் எந்தப் பயணி என்ன கேட்டாலும் கண்ணாடியில்தான் பார்ப்பேன்.

பின்சீட்டில் இருந்தேன், மெதுவா என்று சொன்னேன் என்பதை முதலில் விசாரிக்க வந்தவர்களிடம் சொன்னேன். அப்புறம் சொந்தக்காரர்களிடம். சொல்லச் சொல்ல எனக்கே அந்த இருக்கையின் மெத்தை முதுகில் பட்டது போல ஆகிவிட்டது. லாரி பிறகுதான் வந்தது.

நீ பத்தொன்பது வயதில் உன் அப்பாவைப் பார்த்து, "அம்மாவைக் கொன்ன கையால எனக்கு எதுவும் குடுக்காதீங்க" என்று சொன்னாயே, நான் அந்த அறையில்தான் இருந்தேன். செய்தித்தாளை முகத்துக்கு நேரே விரித்து வைத்திருந்தேன். "சரிம்மா" என்று அவர் சொன்ன பிறகும் நான் தாளை மடக்கவில்லை.

இறப்பதற்கு ஒரு வாரம் முன்னால் அவரே என்னைக் கூப்பிட்டார். "நான் போனப்புறம் அவகிட்ட எல்லாத்தையும் சொல்லிடு. அவளுக்குத் தெரியணும்" என்றார். அதனால்தான் எழுதுகிறேன்.

சரித்திரத் தாளைத் திருத்தி வைத்திருக்கிறேன். ஓட்டியவர் என்ற இடத்தில் என் பெயர். கீழே என் கையெழுத்தும் போட்டிருக்கிறேன்.

மாமன்


ஏப்ரல் 17

மாமாவுக்கு,

உங்களுக்கு என்ன எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு வாரமாக வேலைக்குப் போய் வருகிறேன், அறிக்கை எழுதுகிறேன், கை அதன் பாட்டுக்கு வேலை செய்கிறது.

உங்கள் மேல் கோபம் இருக்கிறது. எவ்வளவு என்று அளக்க இப்போது நேரம் இல்லை. அதைவிடப் பெரிய வேலை ஒன்று இருக்கிறது. இருபத்திரண்டு வருடம் நான் ஒரு மனிதரிடம் பேசாமல் இருந்தேன். அவர் இறந்தபோது போகவில்லை. அன்று விடுப்புக்கூட எடுக்கவில்லை. நான் யாரிடம் போய் என்ன சொல்வது?

உங்கள் கடிதத்தில் ஒரே ஒரு இடத்தில்தான் எனக்கு மூச்சு விட முடிகிறது. "அவகிட்ட சொல்லிடு, அவளுக்குத் தெரியணும்" என்று அவரே கூப்பிட்டுச் சொன்னார் என்கிறீர்கள். அப்படியென்றால் கடைசியில் அவர் என்னை நினைத்திருக்கிறார். நான் சொன்ன சொல்லை எடுத்துக்கொண்டு போக வேண்டாம், இங்கேயே தீர்ந்துபோகட்டும் என்று நினைத்திருக்கிறார். என்னை மன்னித்துவிட்டுத்தான் அதைச் சொல்லியிருக்க வேண்டும். தினமும் அந்த வரியைப் படித்துவிட்டுத்தான் தூங்குகிறேன்.

மே 9 அன்று அங்கே வந்து சேர டிக்கெட் எடுத்திருக்கிறேன். அந்த வரிக்காகத்தான் வருகிறேன். எந்த அறையில் சொன்னார், படுத்திருந்தாரா, உட்கார்ந்திருந்தாரா, எந்தக் குரலில் சொன்னார், எல்லாவற்றையும் உங்கள் வாயால் கேட்க வேண்டும். ஒரு சொல்கூடக் கூட்டாமல் சொல்லுங்கள்.

வண்டியை டாக்டருக்கே கொடுக்கலாம். இருக்கையை மட்டும் நான் பார்த்த பிறகு அவர் நேராக்கட்டும்.


ஏப்ரல் 28

பாப்பாவுக்கு,

உன் கடிதம் காலையில் வந்தது. பகல் முழுக்கக் கொட்டகை வாசலில் உட்கார்ந்திருந்தேன். டிக்கெட்டை நீ ரத்து செய்ய வேண்டும் என்றால் இன்னும் நாள் இருக்கிறது, அதனால் இதை இன்றே விரைவுத் தபாலில் போடுகிறேன். நீ வந்து என் எதிரே உட்கார்ந்துவிட்டால் என்னால் சொல்ல முடியாது. உன் முகத்தைப் பார்த்ததும் இன்னும் இரண்டு வரி சேர்த்துத்தான் சொல்வேன், என்னை எனக்குத் தெரியும்.

போன கடிதத்தில் எழுதியதெல்லாம் நடந்தது. சாவி, அக்கா சிரித்தது, நான் திரும்பியது, அத்தான் என்னைத் தூக்கியது, செய்தித்தாள், எல்லாம். ஒன்று மட்டும் நான் போட்டது. அத்தான் என்னைக் கூப்பிடவில்லை.

நான்தான் போனேன். முன்னறையில் படுத்திருந்தார், ஜன்னல் பக்கம் முகம். பகல் நேரம். தையற்காரர் வீட்டில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. "அத்தான், பாப்பாகிட்ட சொல்லிடட்டுமா" என்று கேட்டேன். சொல்ல வேண்டும் என்ற எண்ணத்தில் நான் கேட்கவில்லை. வேண்டாம் என்று அவர் வாயால் ஒரு தடவை சொல்லி வாங்கிக்கொண்டால் பிறகு எனக்குத் தொந்தரவு இல்லை என்றுதான் கேட்டேன். அவருக்கு அது தெரிந்திருக்கும். முப்பத்து மூன்று வருடம் அந்தப் பொய்யோடு என்னைப் பார்த்தவர்.

முகத்தை என் பக்கம் திருப்பினார். அப்புறம் சொன்னார். "வேண்டாம். என் மேல இருக்கிற கோபத்தோட அவ வாழப் பழகிட்டா. நீயும் இல்லேன்னு ஆயிட்டா, அவங்க அம்மாவைப் பத்திப் பேச அவளுக்கு யாரு இருக்கா. சொல்லாதே" என்றார்.

சாதாரணக் குரல்தான். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன், வேண்டாம் என்றார். மன்னிப்பைப் பற்றி எதுவும் சொல்லவில்லை, உன்னைப் பற்றி வேறு எதுவும் சொல்லவில்லை.

"சொல்லிடு" என்று அவர் சொல்லவில்லை பாப்பா. அது நான் எழுதியது.